அத்தை கடைக்கு வைத்த பேர்

என் செல்லப் பாப்பாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்க நாங்க எல்லாரும் ஆண்டவர் கிருபையில நல்லா இருக்கோம், அப்பாவோட இடது முழங்கால் மட்டும் கிருபைக்கு அடங்க மாட்டேங்குது, மத்தபடி ஒரு குறையும் இல்லை. நீயும் அங்க வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, சுகமா இருக்கேன்னு நம்பறேன், நம்பாட்டி எனக்குத் தூக்கம் வராது, அதனால நம்பறேன். இந்தக் காலத்துல போய் யாராவது கடிதம் எழுதுவாங்களான்னு நீ சிரிக்கலாம். அத்தை கடை வாசல்ல நின்னு எடுத்த படத்தைப் பார்த்துட்டு, இது என்னம்மா பேரு கேரேனாப்புக், வாயிலயே நுழையலையேன்னு கேட்டிருந்தே. போன்ல சொல்லலாம்னா நம்ம மாடிப்படி இருக்கே, அது நாம மேல பேசறதை எல்லாம் அள்ளிக்கிட்டுப் போய்க் கீழ பெரியப்பா வீட்டு வாசல்ல கொட்டிரும். டைப் அடிக்கலாம்னா என் விரலுக்கும் அந்தப் போனுக்கும் ஜென்மப் பகை. அதான் நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில மத்தியானம் ஆள் வராத நேரமாப் பார்த்து, பெரிய எழுத்திலிருந்து சின்ன எழுத்து வரைக்கும் இறங்குமே அந்த அட்டை, அதுக்குக் கீழ உக்கார்ந்து எழுதறேன். பிழை இருந்தா பொறுத்துக்கோ. நம்ம வீட்டுலயே பிழை திருத்தறவர் இருக்காரு, ஆனா இந்தக் கடிதத்தை அவர் கண்ணுல காட்ட முடியாது, ஏன்னு போகப் போக உனக்கே புரியும்.

அத்தை திரும்பி வந்தது உனக்குத் தெரியும். இத்தனை வருஷமா அவ கால் கடுக்க நின்னு வேலை பார்த்த பியூட்டி பார்லரை முதலாளியம்மா யாருக்கோ வித்துட்டுப் போயிட்டாங்க, இவ ரெண்டு பெட்டியோட வந்து வாசல்ல நின்னா. உன் அறையிலதான் இருக்கா, உன் கட்டில், உன் போர்வை, ஜன்னல் ஓரத்து உன் மேஜை எல்லாம் இப்போ அவளோடது, சண்டைக்கு வராதே. வந்த புதுசுல சும்மா இருக்கத் தெரியாம என் முடியை வெட்டினா, அப்பா முடியை வெட்டினா, எதிர்வீட்டு டீச்சர் முடியை வெட்டினா, வெட்டறதுக்குத் தலை தீர்ந்து போனதும் ஒரு நாள் பாத்திரம் துடைச்சுக்கிட்டே, அண்ணி, அந்த முன்னறையை எனக்குக் கொடுப்பாங்களான்னு கேட்டா. கேட்டுட்டு அந்தத் தட்டை மறுபடி மறுபடி துடைக்கிறா. கீழ தெருவைப் பார்த்த அறை, உன் தாத்தா பல் செட் செஞ்சு கொடுத்த அறை, அவர் போனதிலிருந்து பூட்டியே கிடந்தது. அவர் படுக்கையில விழுந்த காலம் முழுக்கப் பக்கத்துல இருந்து பார்த்துக்கிட்டது அத்தைதான், அதுலயே அவளுக்குக் கல்யாணப் பேச்சும் அடங்கிப் போச்சு. அப்புறம் வீட்டைப் பிரிச்சப்போ கீழ பெரியப்பாவுக்கு, மாடி நமக்கு, முன்னறை பொது. பொதுன்னா பெரியப்பாவோடதுன்னு அர்த்தம். மூணாவது பிள்ளைன்னு ஒருத்தி இருக்கறது யாருக்கும் ஞாபகம் வரலை.

பெரியப்பா அச்சகத்துல பிழை திருத்தற வேலையிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர, பிழை அவரை விடலை. சட்டைப் பையில இன்னும் சிவப்புப் பேனா. யாராவது கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தா வாழ்த்தறதுக்கு முன்னாடி ஒற்றுப்பிழையைத் திருத்துவாரு. சபையில மூப்பர் வேறயா, பாட்டுத் தாள்ல ஒரு துணைக்கால் விட்டுப்போச்சுன்னா அன்னைக்கு அவருக்கு ஆராதனையே இறங்காது. அவர்கிட்ட அத்தைக்காக நான்தான் போய்க் கேட்டேன். ஒரு வாரம் யோசிச்சாரு, அப்புறம் எங்க எல்லாரையும் உக்கார வெச்சுத் தீர்ப்புச் சொன்னாரு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் முடி வெட்டலாம். முகத்துல சாயம் கூடாது, உதட்டுல கூடாது, கண்ணுல மை கூடவே கூடாது, நம்ம வீட்டு வாசல்ல ஒரு பொண்ணு மை தீட்டிக்கிட்டு இறங்கினா சபையில நான் எப்படி எழுந்து நிக்கிறது. கடைக்குப் பேர் வேதத்துலேர்ந்துதான் இருக்கணும். ஒரு வருஷம் என் தயவுல நடத்திக்கோ, அப்புறம் பார்ப்போம்னு முடிச்சாரு. உங்க அப்பா என்ன சொன்னாருன்னு கேட்காதே. ஊர்ல இருக்கிற லிஃப்ட்டை எல்லாம் சரி பண்ற மனுஷன், வீட்டுல அண்ணன் கீழயும் பெண்டாட்டி மேலயும் இருந்தா ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னு போன லிஃப்ட்டு மாதிரி ஆயிடறாரு, கதவும் திறக்காது. அத்தை தலையை மட்டும் ஆட்டினா. மாடிக்கு வந்தப்புறம், மை கூடாதுன்னது கூடப் பரவாயில்லை அண்ணி, அந்தத் தயவுங்கற வார்த்தையை அவர் விட்டிருக்கலாம்னு சொன்னா.

இப்பத்தான் விஷயத்துக்கு வரேன். அந்த வாரம் சபையில பெண்கள் கூட்டம், போதகரோட மனைவி யோபுவைப் பத்திப் பேசினாங்க. அந்த மனுஷன் பிள்ளை குட்டி, ஆடு மாடு எல்லாத்தையும் இழந்து சாம்பல்ல உக்கார்ந்த கதை நமக்கெல்லாம் தெரியும். கடைசியில எல்லாம் திரும்பக் கிடைக்குதில்லையா, ஏழு பையன், மூணு பொண்ணு. அந்த ஏழு பையன்ல ஒருத்தன் பேரையும் வேதம் சொல்லலை, மூணு பொண்ணுங்க பேரை மட்டும் சொல்லுதுன்னாங்க. நாங்க எல்லாரும் நிமிர்ந்து உக்கார்ந்தோம். மூத்தவ எமீமாள், புறான்னு அர்த்தமாம். அடுத்தவ கெத்சீயாள், வாசனைப் பட்டை. மூணாவது பொண்ணு கேரேனாப்புக், கேரேன்னா கொம்பு, புக்னா கண்ணுக்குத் தீட்டற மை, அந்தக் காலத்துல கொம்பைக் குடைஞ்சு அதுக்குள்ள மையை அடைச்சு வெச்சிருப்பாங்களாம். அழுது அழுது இமையெல்லாம் இருண்டு கிடந்த ஒரு மனுஷன், கடைசியாப் பொறந்த பொண்ணைத் தூக்கிப் பார்த்து மைச்சிமிழேன்னு கூப்பிட்டிருக்கான், அவனுக்கு அப்போ எப்படி இருந்திருக்கும்னு யோசிங்கன்னாங்க. என் பக்கத்துல உக்கார்ந்திருந்த அத்தை குனிஞ்சு காலணி வாரைப் பிரிச்சுப் பிரிச்சுக் கட்டினா. நானும் முந்தானையால கண்ணைத் துடைச்சேன், பொய் சொல்லலை. ஆனா பாப்பா, உன் அம்மாவுக்கு ஆண்டவர் ஒரு மாதிரி புத்தியைத்தான் கொடுத்திருக்காரு. கண்ணைத் துடைச்ச அதே நிமிஷம் மனசுக்குள்ள ஒண்ணு குறுகுறுன்னு ஓட ஆரம்பிச்சது.

வீட்டுக்கு வந்து நேரா பெரியப்பாகிட்ட போனேன். கடைக்குப் பேர் அகப்பட்டிருச்சு மாமா, யோபுவோட மூணாவது பொண்ணு, நம்ம வீட்டுலயும் அவ மூணாவது, பொருத்தமா இருக்கும்னேன். அவருக்கு அந்த வசனம் தெரியாம இருக்குமா, கண்ணை மூடிக்கிட்டே மூணு பேரையும் ஒப்பிச்சாரு. அர்த்தம் என்னம்மான்னு கேட்டாரு. கொம்புல செஞ்ச மைக்கூடுன்னு போதகர் அம்மா சொன்னாங்கன்னேன். நீயே சொல்லு, இதுல நான் ஒரு எழுத்தாவது பொய் சொன்னேனா. மைன்னேன், கூடுன்னேன், எந்த மைன்னு அவர் கேட்கலை, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்றது மரியாதை இல்லைன்னு சின்ன வயசுல எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. காலமெல்லாம் எழுத்தோட கிடந்த மனுஷன் இல்லையா, அவருக்கு முகம் அப்படியே மலர்ந்து போச்சு. மைக்கூடு, மைக்கூடுன்னு ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துட்டு, பாரும்மா, எழுத்தையும் படிப்பையும் வேதம் எவ்வளவு உசத்தி வெச்சிருக்கு, பொண்ணுக்கே மைக்கூடுன்னு பேரு வெச்சிருக்கான்னாரு. நான் ஆமாம் மாமான்னு சொல்லிட்டு மாடிப்படி ஏறினேன், நாலு படி ஏறினப்புறம்தான் மூச்சு விட்டேன். அத்தைகிட்ட சொன்னதும் அவ நடுங்கிப் போயிட்டா. வேண்டாம் அண்ணி, தெரிஞ்சா இருக்கிறதும் போயிடும்னு கெஞ்சினா. நான் கேட்கலை.

பலகை எழுதறவருக்குப் பெரியப்பாவே தாள்ல எழுதிக் கொடுத்து, ஒரு ஒற்று விடாம நின்னு பார்த்தாரு. பலகை மாட்டின நாளே ரெண்டு பள்ளிக்கூடப் பிள்ளைங்க வந்து, அத்தை, கோடு போட்ட நோட்டு இருக்கா, பலகையில புக்குன்னு போட்டிருக்கேன்னு கேட்டாங்க. இன்னொருத்தர் கரண்ட் புக் இங்கதான் கொடுக்கறாங்களான்னு விசாரிச்சுட்டுப் போனாரு. அத்தை பாவம், திருப்பி அனுப்ப மனசில்லாம இப்போ ஒரு அலமாரியில நோட்டும் பென்சிலும் வாங்கி வெச்சிருக்கா. முன்னறையைச் சுத்தம் பண்ணப்போ தாத்தா பிளாஸ்டர்ல வார்த்து வெச்ச பல் வரிசை எத்தனை கிடைச்சதுங்கற, அலமாரி முழுக்க எங்களைப் பார்த்து இளிச்சிக்கிட்டிருந்தது. அவரோட அந்தப் பழைய மிதி நாற்காலி இருக்கே, அதுக்கு அப்பா எண்ணெய் போட்டு, ஒரு புது ஸ்பிரிங் மாட்டி, ஏறி இறங்கற மாதிரி பண்ணிக் கொடுத்தாரு. வாயைத் திறந்து சொல்லாத மனுஷன் கையால சொல்லிட்டாருன்னு அத்தை சந்தோஷப்பட்டா.

திறப்பு நாளன்னைக்குச் சபை முழுக்க வந்தாச்சு, நாற்காலி பத்தாம பாதிப் பேர் தெருவுல. போதகர் வர வழியில வண்டி டயர் போயிருச்சுன்னு சொல்லி அனுப்பினாரு, அதுக்குள்ள பெரியப்பா நானே ரெண்டு வார்த்தை பேசறேன்னு எழுந்துட்டாரு. அந்த ரெண்டு வார்த்தை எவ்வளவு நீளம்னு உனக்குத் தெரியாதா. மைக்கூடு என்பது என்னன்னு ஆரம்பிச்சாரு. மை இல்லாவிட்டால் எழுத்து இல்லை, எழுத்து இல்லாவிட்டால் வேதம் இல்லை, ஒவ்வொரு பெண் பிள்ளையும் கையில் மையோடு வளர வேண்டும், மை இல்லாத வீடு இருண்ட வீடுன்னாரு. ஆம்பளைங்க எல்லாம் பயபக்தியாத் தலையை ஆட்டறாங்க. பெண்கள் கூட்டத்துக்கு வந்த அத்தனை பேரும் இந்தப் பக்கம் உக்கார்ந்திருக்கோம், ஒருத்திக்கும் நிமிர தைரியம் இல்லை. எதிர்வீட்டு டீச்சர் கைக்குட்டையை வாயில வெச்சுக் கடிச்சுக்கிட்டாங்க. எனக்கு முன்னாடி உக்கார்ந்திருந்த பெரியம்மாவோட தோள் ரெண்டும் குலுங்குது, பெரியப்பா அதைப் பார்த்துட்டு, வசனம் எவ்வளவு ஆழமாத் தொடுது பாருங்கன்னாரு. அதோட நிறுத்தியிருக்கலாம். பேர் இருக்கிற வசனத்தை எல்லாரும் கேட்கட்டும்னு வேதத்தைத் திறந்து கணீர்னு வாசிச்சாரு. மூணு பேரையும் வாசிச்சவரு அந்த வேகத்துலயே அடுத்த வசனத்துக்குப் போயிட்டாரு. தகப்பன் அந்தப் பொண்ணுங்களுக்கும் அண்ணன் தம்பிங்களோட சேர்த்துப் பங்கு கொடுத்தான்னு அதுல வருது. பங்குங்கற இடத்துல குரல் தடுக்கி நின்னுச்சு. எதிர்ல அத்தை நிக்கிறா. அவ அவரைப் பார்க்கலை, தரையைப் பார்த்துக்கிட்டு நிக்கிறா. அவர் புஸ்தகத்தை மூடினாரு.

அந்த நேரம் பார்த்துப் போதகர் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தாரு, பாவம், இங்க நடந்தது எதுவும் தெரியாது. பலகையைப் பார்த்து ரொம்ப மகிழ்ச்சி, இப்படி ஒரு கடைக்கு இதைவிடப் பொருத்தமான பேர் கிடைக்காது, கண்ணுக்கு மை தீட்டற சிமிழ்னு அர்த்தம், எங்க வீட்டம்மா அன்னைக்குத்தான் விளக்கினாங்க, மூப்பருக்கு எவ்வளவு திறந்த மனசுன்னு பாராட்டிட்டாரு. பெரியப்பா என் பக்கம் திரும்பினாரு. நான் மேல ஓடற ஃபேனைப் பார்த்தேன். அப்புறம் அவர் அமைதியாத்தான் சொன்னாரு, அந்தப் பலகையை இறக்கிடுங்கன்னு. உங்க அப்பா ஏணியை எடுக்கறதா வேண்டாமான்னு அரை அடி முன்ன வெச்சு அரை அடி பின்ன வெச்சாரு. அத்தை முகம் வெளுத்துப் போச்சு. எனக்கு அப்பத்தான் சிரிப்பெல்லாம் வத்திடுச்சு. அப்போ பெரியம்மா எழுந்தாங்க. கல்யாணமான நாளிலிருந்து அவங்க நாலு பேர் நடுவுல பேசி நான் பார்த்ததில்லை. இறக்கிடலாங்க, அப்படியே நம்ம குளியலறை அலமாரி மேல்தட்டுல இருக்கிற சின்னப் புட்டியையும் பிரஷ்ஷையும் சேர்த்து இறக்கிடலாம், அதுவும் மைதானேன்னாங்க. தலை பஞ்சு மாதிரி இருக்க, மீசை மட்டும் கரி மாதிரி இருக்கே, அது பரம்பரைன்னு நாங்க எல்லாரும் மரியாதைக்கு நம்பிக்கிட்டிருந்தோம். ஒரே நேரத்துல அத்தனை கண்ணும் அந்த மீசைக்குப் போச்சு. அவர் கை தன்னால மேல போய் வாயை மூடிச்சு. வானம் மூடியிருக்கு, பலகையில ஈரம் படாமப் பார்த்துக்கோங்கன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு.

நீ சிரிப்பே, நானும் அன்னைக்குச் சாயங்காலம் தலையணையில முகத்தைப் புதைச்சுச் சிரிச்சேன். ஆனா அத்தை சிரிக்கலை. நீங்க சிரிச்சுட்டுக் கண்ணாடிக் கடைக்குப் போயிடுவீங்க அண்ணி, நான் இந்த வாசல்லதான் நாள் முழுக்க நிக்கணும்னா. எனக்குச் சுருக்குன்னு பட்டுச்சு. அவ அண்ணன் பேச்சை மீறலை. ஊர்ல இருக்கிற பொண்ணுங்க எல்லாம் அர்த்தம் தெரிஞ்சுக்கிட்டு மை தீட்டிவிடுங்கன்னு வந்து நிக்கிறாங்க, இவ முடி மட்டும்தான் வெட்டுவேன், இந்த வீட்டுல மைக்கு அனுமதி இல்லைன்னு ஒவ்வொருத்தியா அனுப்பறா. மைப் பென்சில் எல்லாத்தையும் பெட்டியில போட்டு உன் கட்டிலுக்கடியில தள்ளிட்டா. பெரியப்பா அந்தப் பக்கமே வரலை, பின்வாசல் வழியா வெளிய போய் பின்வாசல் வழியா வந்தாரு. நான் போய் மன்னிச்சிடுங்க மாமான்னு சொன்னதுக்கு, நீ தப்பா ஒண்ணும் சொல்லலையேம்மா, மைக்கூடுன்னுதானே சொன்னேன்னு சொல்லிட்டு பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரா பிடிச்சுக்கிட்டாரு. அதுக்கு அவர் திட்டியிருந்தாலே தேவலை.

அப்புறம் ஒரு நாள் காலையில அத்தை ஷட்டரைப் பாதி தூக்கறதுக்குள்ள குனிஞ்சு உள்ள வந்திருக்காரு. அன்னையிலேருந்து மீசையில கை வைக்கலை போலிருக்கு, அடி வெள்ளை, நுனி கறுப்பு, நடுவுல ஒரு செம்பட்டைன்னு மூணு நிறத்துல நிக்குது. இதை ஒரே நிறமா ஆக்க முடியுமா, எந்த நிறமா இருந்தாலும் சரின்னு கேட்டிருக்காரு. அத்தை நாற்காலியைத் தட்டி உக்கார வெச்சு, கழுத்துல துணியைக் கட்டி, சாயம் கலந்து எடுத்துத் தீட்ட ஆரம்பிச்சிருக்கா. பாதியில அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்திருக்காரு. பேசாதீங்க அண்ணா, உதட்டுல ஒட்டிக்கும்னு இவ அதட்டியிருக்கா. வாழ்நாள்ல அவரை அவ அதட்டினது அதுதான் முதல் தடவை. அவரும் வாயை மூடிக்கிட்டு, சொல்ல ஒண்ணு இருக்குங்கற மாதிரி விரலை மட்டும் தூக்கிக் காட்டிக்கிட்டே, காயற வரைக்கும் அப்படியே உக்கார்ந்திருந்தாராம். இவ கழுவித் துடைச்சு முடிச்சதும் சொன்னாராம், அந்த வசனத்தை நான் எத்தனையோ தடவை பிழை பார்த்திருக்கேன், அச்சுல ஒரு புள்ளி தப்பியிருக்காது, ஒரு தடவைகூட அதை வாசிச்சதில்லை. இந்த அறை உன்னோடது, தயவு இல்லை, பங்கு, தம்பிகிட்டயும் சொல்லிட்டேன், எழுத வேண்டிய இடத்துல இந்த வாரமே எழுதிடலாம்னு. அத்தை அவர் கழுத்துத் துணியை அவிழ்த்து உதறியிருக்கா. மடிச்சு வெச்சுக்கிட்டே, அப்போ மை தீட்டலாமா அண்ணான்னு கேட்டிருக்கா. அவர் கண்ணாடியில மீசையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துக்கிட்டே, இப்பத்தானே எனக்குத் தீட்டினேன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாரு. இதை மாடிக்கு ஓடி வந்து எனக்குச் சொல்றப்போ அவ சிரிச்சா, சிரிச்சுக்கிட்டிருக்கும்போதே சமையல்கட்டுத் தரையில உக்கார்ந்து அழுதா, நானும் பக்கத்துல உக்கார்ந்துட்டேன், அடுப்புல இருந்தது அடி பிடிச்சுப் போச்சு. உங்க அப்பா வந்து எட்டிப் பார்த்துட்டு, தானே அடுப்பை அணைச்சுட்டுப் போனாரு. முதல் மை பெரியம்மாவுக்குத்தான். தீட்டிக்கிட்டுப் போனவங்களைப் பார்த்துப் பெரியப்பா, கண்ணுல என்ன, தூசியான்னு கேட்டாராம், இல்லை, வேதம்னாங்களாம்.

இப்போ நிலைமை என்னன்னா, வரவங்க போறவங்க எல்லார்கிட்டயும் பேருக்கு அர்த்தம் சொல்றது பெரியப்பாதான். கேரேன்னா கொம்பு, புக்னா கண்மை, எனக்கு முதல்லயே தெரியும், மக்களுக்கு மெதுவாப் புரிய வைக்கணும்னு அன்னைக்கு அப்படி ஆரம்பிச்சேன்னு சொல்றாரு. நாங்க யாரும் மறுக்கறதில்லை. நீயும் மறுக்காதே. அவர்கிட்ட வீடியோவுல பேசும்போது பேர் பிரமாதம் பெரியப்பான்னு சொல்லு, சொல்லும்போது அவர் நெத்தியைப் பார்த்துப் பேசு, தப்பித்தவறிக்கூட மீசைப் பக்கம் கண்ணைக் கொண்டு போகாதே, உனக்குச் சிரிப்பு அடக்க வராது, அந்தக் குணம் என்கிட்டேர்ந்து வந்தது. நாள் முழுக்கக் கம்ப்யூட்டரையே பார்த்துக்கிட்டிருக்காம அப்பப்போ ஜன்னல் வழியாத் தூரத்துல பாரு, உன் வயசுப் பிள்ளைங்க தினமும் எங்க கண்ணாடிக் கடைக்கு வந்து கண்ணைக் கசக்கிக்கிட்டு நிக்கறதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயமா இருக்கு. அடுத்த லீவுக்கு வரும்போது உன் அறையில அத்தையோட பங்கு போட்டுக்கத்தான் வேணும், அதுக்கும் வேதத்துல ஆதாரம் இருக்கு. ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணி மாதிரி காக்கட்டும், போற இடமெல்லாம் உனக்கு நல்ல மனுஷங்களும் நல்ல சிரிப்பும் கிடைக்கட்டும். படிச்சதும் இந்தக் கடிதத்தைக் கிழிச்சுப் போட்டுரு, மறக்காதே, இதுல எங்கெங்க ஒற்று விட்டுப்போயிருக்குன்னு எனக்கே தெரியுது.

என்றும் உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கும்,
அம்மா